யாருடைய துரு?

பழைய இரும்பு வாத்தியம் ஒன்று கிடைத்ததும் உப்புத்தாளைத் தேடுகிற கையை முதலில் கொஞ்சம் நிறுத்திவைக்க வேண்டும். துருவைச் சுரண்டுவதா விடுவதா என்பது ஏதோ பட்டறைச் சமாச்சாரம் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறோம். டிரினிடாட் தீவின் ஸ்டீல் பானை முன்னால் வைத்துப் பார்த்தால் கேள்வி அவ்வளவு லேசானதில்லை.

பானின் கதை ஒரு தடையிலிருந்து தொடங்குகிறது. 1881 கார்னிவலில் கறுப்பின மக்களுக்கும் காலனியப் போலீசுக்கும் மோதல். அடுத்த சில ஆண்டுகளில் தோல் முரசு அடிப்பதற்கே சட்டம் குறுக்கே நின்றது. 1884 அக்டோபரில் சான் பெர்னாண்டோவில் மொகரம் ஊர்வலம் போன இந்தியக் கூலித் தொழிலாளர்கள்மீது துப்பாக்கிச் சூடு. கல்கத்தாவிலும் சென்னையிலும் கப்பலேற்றப்பட்டவர்களின் மேளமும் ஆப்பிரிக்க முரசும் அதிகாரத்தின் காதுக்கு ஒரே கலகச் சத்தம்தான். தோல் போனால் மூங்கில்; 1930களின் கடைசியில் பிஸ்கட் டின், பெயின்ட் டின்; 1940களில் 55 காலன் எண்ணெய் ட்ரம். 1937இல் எண்ணெய் வயல் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்த தீவு அது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எலி மானெட் போன்றவர்கள் ட்ரம்மின் அடித்தகட்டைச் சுத்தியலால் அடித்து அடித்துக் கிண்ணமாக இறக்கினார்கள். ஒவ்வொரு சுரத்துக்கும் உளியால் எல்லை. பிறகு தீயில் காட்டி, மறுபடி சுத்தியல், மறுபடி காது. நடுவில் தகடு ரொம்பவே மெலிந்துவிடும். சுரம் என்பது அந்தத் தகட்டின் கனமும் வளைவும் இறுக்கமும்தான். வேறெங்கும் அது எழுதிவைக்கப்படவில்லை.

கிரைண்டரை வைத்தால் துருவோடு தகடும் போகும். தகடு போனால் சுரம் நகரும். 'சரி, திரும்பச் சுருதி சேத்துக்கலாமே' என்பார்கள். விஷயமே இங்கேதான் இருக்கிறது. ஆரம்ப காலப் பான்களில் எந்தச் சுரம் எங்கே என்பதற்குப் பொது விதி கிடையாது. ஒவ்வொரு கைக்கும் ஒரு அமைப்பு, ஒரு காது. ஆன்டனி வில்லியம்ஸின் நான்காம் – ஐந்தாம் சுர வட்டம் பிற்பாடுதான் பெருவழக்கானது. பழைய பானைச் சுரண்டி இன்றைய சுருதிக்குத் திருத்துவது, ஒரு பிரதியை அழித்துவிட்டு அதன்மேலேயே செம்பதிப்பு எழுதுகிற வேலை.

அப்போ துருவைத் தொடவே கூடாதா? 1903இல் அலாய்ஸ் ரீகல் 'முதுமை மதிப்பு' என்று ஒன்றைப் பேசினார்: காலம் பொருள்மீது விட்டுப்போன தடயமே நம்மை நெகிழ வைக்கிறதாம். வியன்னாவில் உட்கார்ந்து ரசிக்கலாம். கடற்காற்றில் உப்பேறிய மெல்லிய தகட்டுக்கு அது ஆகாது. துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும், உரிந்து விழும், விழுந்த இடத்தில் ஈரம் தங்கி மறுபடி தின்னும். உளி போட்ட எல்லையும் ரீகலின் முதுமையும் சேர்ந்தே உதிரும்.

தவிர, துருவை ரசிப்பவர்கள் யார்? பான் அடித்தவர்கள் இல்லை. அவர்களை ரௌடிகள் என்றும் வாத்தியத்தைக் குப்பைத் தகரம் என்றும் பேசிய ஊர் அது. 1951இல் டாஸ்போ குழு லண்டனில் பிரிட்டன் திருவிழாவில் வாசித்த பிறகு பெரிய மனிதர்களுக்குக் கொஞ்சம் காது திறந்தது. பின்னால் பானுக்குக் குரோமியம் பூசிக்கொண்டதை வெறும் பளபளப்பு மோகம் என்று என்னால் படிக்க முடியவில்லை. அது மரியாதை கேட்பது.

ஆனால் அரசு கேட்கிற பளபளப்பு வேறு. 1992இல் பான் தேசிய வாத்தியம் ஆனது. 2025 தொடக்கத்தில் அரசுச் சின்னத்திலிருந்து கொலம்பஸின் மூன்று கப்பல்களை எடுத்துவிட்டுப் பானை வைக்கச் சட்டம் நிறைவேறியது. நல்ல காரியம். இருந்தாலும் சின்னத்துக்கு ஒரே ஒரு பான் போதும். தாறுமாறான பழைய தகரங்கள் அதற்குத் தேவைப்படுவதில்லை.

வாசிப்பில் இருக்கிற பானைச் சுரண்டுவதும் பூசுவதும் வாசிக்கிறவர் உரிமை. வாசிப்பு நின்றுபோன முதல் தலைமுறைப் பான்களில் உதிர்கிற துருவை மட்டும் மென்மையாக எடுத்தால் போதும். ஒட்டி நிற்பதை டானிக் அமிலம் கருநீலப் படலமாக மாற்றி நிறுத்திவைக்கும். நம் கடுக்காயில் இருக்கிற அதே துவர்ப்புச் சரக்குதான். அந்தக் கருப்பும் ஒரு தலையீடு என்பதால் பெயின்டில் குழுப்பெயர் எழுதிய பக்கம் அதைக் கொண்டுபோகக் கூடாது. மேலே மெழுகு, ஈரமில்லாத அறை. சுத்தியலோடு யாரையும் உள்ளே விட வேண்டாம். அந்தப் பழைய அமைப்பு எப்படி ஒலித்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால், அளவெடுத்துப் புது ட்ரம்மில் அடித்துக் கேட்டுக்கொள்ளலாம்.