ஒரு சுற்றும் தொப்பூர் மேடும்

விடுமுறைக்கு வந்திருந்த பேரன் மொட்டை மாடிக்கு ஓடி வந்தான். நான் வடகத்துக்குக் காக்கா விரட்டிக்கொண்டிருந்தேன். "தாத்தா, 0.341 செகண்ட்ல ஜெயிச்சிருக்கான் பாருங்க!" என்று கைப்பேசியை நீட்டினான்.

ஜெயித்தது மனிதன் அல்ல, கார். செல்போன் செய்யும் சீன நிறுவனமான ஷாவ்மியின் 'எஸ்யூ7 அல்ட்ரா' என்ற மின்சாரக் கார். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையை 2025-இல் 7 நிமிடம் 4.957 வினாடியில் அது சுற்றி வந்திருக்கிறது. அதற்கு முன் குரோஷியா நாட்டு ரிமாக் நெவெரா 2023-இல் எடுத்துக்கொண்ட நேரம் 7 நிமிடம் 5.298 வினாடி. நெவெராவின் விலை சுமார் 20 லட்சம் யூரோ. சீனக் காரோ அங்கே 5,29,900 யுவான்தான்.

வேறு நாளாக இருந்தால் "அப்படியா" என்று கேட்டுக்கொண்டு காக்காவைப் பார்க்கத் திரும்பியிருப்பேன். ஆனால் என் மகன் மின்சாரக் கார் வாங்கப் பணம் சேர்த்து வைத்திருக்கிறான். எதை வாங்குவது என்பதில் வீட்டுக்கு ஆலோசகர் இந்தப் பேரன்தான். அவன் பார்ப்பதெல்லாம் இத்தகைய வினாடிக் கணக்குகள். அதனால் அவனுக்குச் சொன்னதை இங்கே உங்களுக்கும் எழுதுகிறேன்.

மின்சார வண்டிகளின் வேகப் போட்டி புதிது என்று இன்றைய பிள்ளைகள் நினைக்கிறார்கள். இதற்கு 125 வயது தாண்டிவிட்டது. 1898 டிசம்பர் 18 அன்று பாரிஸுக்கு அருகே அஷேர் என்ற இடத்தில் ஷாஸ்லூ-லோபா என்ற பிரெஞ்சுப் பிரபு மின்சார வண்டியில் மணிக்கு 63.15 கி.மீ. வேகம் போய்க் காட்டினார். பெல்ஜியத்தைச் சேர்ந்த காமில் ஜெனாட்சிக்குப் பொறுக்கவில்லை. அடுத்த மாதமே தம் மின்சார வண்டியில் 66 கி.மீ. தாண்டினார். அதே நாளில் பிரபு 70-ஐத் தொட்டார். அவர் 80, இவர் 92 என்று ஏலம் போல ஏறியது. கடைசியில் 1899 ஏப்ரல் 29 அன்று, பீரங்கிக் குண்டு போன்ற வடிவத்தில் செய்த வண்டியில் ஜெனாட்சி 105.88 கி.மீ. எட்டினார். தரையில் 100 கி.மீ. வேகத்தைத் தாண்டிய முதல் கார் அதுதான். பெட்ரோல் வண்டி அல்ல, பேட்டரி வண்டி! அதற்கு அவர் வைத்த பிரெஞ்சுப் பெயருக்கு 'ஒருபோதும் திருப்தியடையாதவள்' என்று பொருள். பிறகு நீராவியும் பெட்ரோலும் முந்திக்கொண்டன. அந்தப் பேட்டரிகளின் கனம் அதிகம், ஒரு தடவை சார்ஜ் செய்தால் ஓடும் தூரமோ குறைவு. போட்டி நடந்தது ஒரு கிலோமீட்டருக்குத்தான் என்பதைக் கவனியுங்கள்.

நம் பக்கத்துக்கு வருவோம். நான் சென்னையில் படித்த காலத்தில் சோழவரம் பந்தயம் என்றால் திருவிழா. இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் அது. மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கே பந்தயம் நடத்தியது. விடுதி நண்பர்கள் நாங்கள் நாலு பேர் பஸ் பிடித்துப் போவோம். வெயில், தூசி, இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் ஆயில் புகை. ஒருவன் கையில் ஸ்டாப்வாட்ச், மற்றவன் நோட்டில் எழுதுவான். சாயங்காலம் திரும்பும்போது பஸ்ஸில் ஒரே வாக்குவாதம். "அது கடையில விக்கிற வண்டியாடா? உள்ளே எல்லாத்தையும் மாத்திட்டான்!" இந்த ஒரு கேள்வி மட்டும் இன்றுவரை பழசாகவில்லை.

சோழவரத்துக்குப் பின் 1990-இல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரப் பாதை வந்தது. ஒரு சுற்று 3.717 கி.மீ. அங்கே ஓடும் வண்டிகளில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்த தருமபுரி மாவட்டத்தில்தான் 2004 வரை ஓசூர் இருந்தது. அந்த ஓசூரின் டிவிஎஸ் நிறுவனம் 1982-லேயே பந்தய அணி தொடங்கியது. அதே அணி 2023-இல் இருங்காட்டுக்கோட்டையில் மின்சார பைக்குகளுக்கென்று தனிப் பந்தயத்தைத் தொடங்கியது. வீரர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி வண்டி. ஆகவே அங்கே ஜெயிப்பது ஓட்டுபவரின் திறமை. 'எந்த வண்டி உசத்தி' என்ற சண்டைக்கு இடமில்லை.

அந்தச் சண்டைக்கு உலகம் தேர்ந்தெடுத்த இடம்தான் நூர்பர்க்ரிங். 1927-இல் மலைக்காட்டுக்குள் போட்ட பாதை. ஏற்றம், இறக்கம், எண்ண முடியாத வளைவுகள். 2019-இல் போர்ஷே நிறுவனம் தன் டைகான் காருக்கு 7 நிமிடம் 42 வினாடி என்று அறிவித்தது. 2021-இல் அமெரிக்காவின் டெஸ்லா 7 நிமிடம் 30.9 வினாடி என்றது. இங்கே ஒரு சூட்சுமம். அந்த இரண்டு நேரமும் 20.6 கி.மீ. தூரத்துக்கானவை. முழுச் சுற்று 20.832 கி.மீ. விட்டுப்போன 232 மீட்டரையும் சேர்த்தால் டெஸ்லாவின் நேரம் 7 நிமிடம் 35.6 வினாடி. 2022-இல் போர்ஷே முழுச் சுற்றை 7 நிமிடம் 33.3 வினாடியில் முடித்துப் பட்டத்தைத் திரும்ப வாங்கியது. 2023-இல் டெஸ்லா 7 நிமிடம் 25.2 வினாடி. அந்த வருடம் முடிவதற்குள் போர்ஷே 7 நிமிடம் 7.5 வினாடி. பிறகு ஷாவ்மி வந்தது. 2025 ஆகஸ்டில் இன்னொரு சீன நிறுவனமான பிஒய்டியின் கார் 6 நிமிடம் 59.157 வினாடியில் முடித்து அதையும் தாண்டியது. ஆனால் அந்த வகையில் மொத்தம் 30 கார்களுக்கு மேல் செய்யப்போவதில்லையாம். எங்கள் பஸ் வாக்குவாதம் நினைவுக்கு வருகிறதா?

ஷாவ்மியிலும் ஒரு கதை உண்டு. அந்தக் காரின் முழுச் சக்தி 1548 குதிரைத்திறன். 2025 மே மாதம் மென்பொருளை மாற்றி, சுமார் 900-க்கு மேல் வராதபடி நிறுவனம் பூட்டுப் போட்டது. பந்தயப் பாதையில் குறிப்பிட்ட நேரத்துக்குள் சுற்றி வந்து காட்டினால்தான் பூட்டுத் திறக்கும். காசு கொடுத்து வாங்கியவர்கள் கொதித்துவிட்டார்கள். நிறுவனம் பின்வாங்கியது. அந்தச் சக்தி சாலைக்கு ஆபத்து என்பதும் உண்மை, விற்றபின் பூட்டுவது நியாயமல்ல என்பதும் உண்மை. விளம்பரத்தில் இருந்த எண்ணும் வீட்டு வாசலில் நின்ற காரும் வேறு வேறாகிவிட்டன.

பாலிடெக்னிக்கில் முப்பது வருடம் மின்னியல் நடத்தியவன் என்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். மின்னோட்டம் இரட்டிப்பானால் சூடு நான்கு மடங்காகும். ஆக்சிலரேட்டரை முழுசாக அழுத்தினால் பேட்டரியும் மோட்டாரும் கொதிக்கத் தொடங்கும். எல்லை தாண்டினால் வண்டியின் கட்டுப்பாட்டுக் கருவி தானாகவே சக்தியைக் குறைத்துவிடும். அது குறையல்ல, பாதுகாப்பு. ஒரே ஒரு சுற்று என்றால் குளிர்ந்த பேட்டரியோடு புறப்பட்டு, சூடு உச்சிக்கு ஏறும் முன் முடித்துவிடலாம். அடுத்த சுற்றும் அதற்கடுத்த சுற்றும் எப்படி இருந்தன என்பதை யாரும் விளம்பரப்படுத்துவதில்லை.

அந்த அடுத்த சுற்று எப்படி இருக்கும் என்பதை நான் தொப்பூர் கணவாயில் பார்த்தேன். சித்திரை மாதம், மேச்சேரிப் பக்கம் ஒரு கல்யாணம். உறவுக்காரப் பையன் தன் மின்சார ஸ்கூட்டரில் என்னைப் பின்னால் வைத்துக்கொண்டு திரும்பினான். தருமபுரி நோக்கி மேடு ஏறும்போது பாதியில் திரையில் சிவப்பு எழுத்து. வண்டி நடை வேகத்துக்கு வந்துவிட்டது. பின்னால் லாரிகளின் ஹாரன். வயிற்றைக் கலக்கியது. ஓரம் கட்டி, புளியமரத்தடியில் அரைமணி நேரம் உட்கார்ந்தோம். "ஷோரூம்ல பிக்கப் பிரமாதமா இருந்துச்சு மாமா" என்றான் பாவம். சூடு இறங்கியதும் வண்டி ஒன்றும் நடக்காதது போல ஏறியது.

பேரன் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப அந்த ரெக்கார்டெல்லாம் பொய்யா தாத்தா?" என்றான்.

பொய் இல்லை. பேட்டரியைக் குளிர்விக்கும் வித்தையும் பிரேக்கும் டயரும் இந்தப் போட்டியால்தான் இவ்வளவு சீக்கிரம் முன்னேறுகின்றன. ஜெனாட்சி ஒரு கிலோமீட்டருக்கு ஓட்டியதை இன்று இருபது கிலோமீட்டருக்கு, மலைப்பாதையில் ஓட்டுகிறார்களே! ஆனால் எந்த எண்ணைப் பார்த்தாலும் மூன்று கேள்வி கேள் என்றேன். எவ்வளவு தூரம் அளந்தார்கள்? கடையில் கிடைக்கும் அதே வண்டியா? இரண்டாவது சுற்று எப்படி இருந்தது?

மறுநாள் அப்பனும் மகனும் ஷோரூமுக்குக் கிளம்பினார்கள். டெஸ்ட் டிரைவுக்குத் தொப்பூர் மேடு வரை வண்டி தருவார்களா என்று பேரன் போனில் விசாரித்துக்கொண்டே படியிறங்கினான்.