வழக்கொழிந்த கருவிகளும் அவற்றில் எழும் முகங்களும்

ஒரு கருவி தன் தொழிலை இழந்துவிட்டால் அது மூலையில் கிடந்து மக்கலாம்; உருக்கப்பட்டு வேறொன்றாகலாம்; அன்றி, தன் வடிவம் குலையாமலே பிறிதொரு பொருளின் உறுப்பாகலாம். மனித முகத்தை ஆக்கும் கலை இவற்றுள் பின்னிரண்டு வழிகளையும் கையாண்டிருக்கிறது. முன்னது பழைய வழி, பின்னது நம் காலத்து வழி. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பது வெறும் கலை ஆராய்ச்சியாக முடியாமல் நம் வீட்டுப் பரண்வரை வந்து சேரும் என்பதால் இதனை எழுதத் துணிந்தோம்.

உதயகிரிக் கோட்டை

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில், தக்கலைக்கு முன்பாகப் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741இல் குளச்சலில் டச்சுப் படை தோற்றது. அப்போது சிறைப்பட்ட டிலனாய், பின்னர் மார்த்தாண்ட வர்மரின் படைத்தளபதியானார். அவர் மேற்பார்வையில் இக்கோட்டை புதுப்பிக்கப்பட்டது. உள்ளே பீரங்கி வார்க்கும் உலைக்கூடமும் இயங்கிற்று. 1777இல் மறைந்த டிலனாயின் கல்லறை இன்றும் அங்குண்டு. அதில் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர் சரணடையும் காட்சி பத்மநாபபுரம் அரண்மனையில் ஓவியமாக இருக்கிறது.

பீரங்கி வார்த்தவரின் நினைவு நம்மூரில் கல்லிலும் வண்ணத்திலும் தங்கியிருக்கிறது. ஐரோப்பாவிலோ பீரங்கியே முகமாகிய வரலாறு உண்டு.

பீரங்கி முகமான கதை

இதற்கு உலோகவியல் காரணமும் ஒன்றுண்டு. பழைய பீரங்கி வெண்கலம் ஏறத்தாழ ஒன்பது பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் கலந்தது. சிலை வார்க்கும் வெண்கலமும் இதற்கு நெருங்கியதே. ஆகவே பீரங்கி சிலையாவதற்கும் சிலை பீரங்கியாவதற்கும் ஓர் உலை போதும். எது எதுவாக வேண்டும் என்பதை அந்தந்தக் காலத்து அரசியல் தீர்மானித்தது.

பாரிஸ் நகரத்து வரலாற்றை நோக்குவோம். பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1792இல், அரசர்களின் வெண்கலச் சிலைகளை வீழ்த்திப் பீரங்கியாக்க ஆணை பிறந்தது. பாலத்தின் மேல் குதிரையில் அமர்ந்திருந்த நான்காம் ஹென்றி மன்னரின் சிலையும் அவ்வாண்டே வீழ்ந்தது. பின் நெப்போலியன் வந்தார். 1805இல் ஆஸ்டர்லிட்ஸ் போரில் பகைவரிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளை உருக்கி, வாந்தோம் சதுக்கத்தில் நெடுந்தூண் ஒன்றை எழுப்பினார். 1810இல் நிறைவுற்ற அத்தூணின் உச்சியில் அவர் சிலையே நின்றது. 1814இல் அவர் வீழ்ந்தபோது அச்சிலை இறக்கப்பட்டது. 1818இல் நான்காம் ஹென்றிக்குப் புதுச் சிலை வார்த்தபோது அந்த வெண்கலமும் உலையில் சேர்ந்தது. அரசர் சிலை பீரங்கியாகவும், பேரரசர் சிலை மறுபடி அரசராகவும் ஆக ஒரு தலைமுறைக் காலமே தேவைப்பட்டது. வார்ப்பவர் நெப்போலியன் மீது பற்றுடையவர் என்றும், மன்னர் சிலையின் உள்ளே நெப்போலியனின் சிற்றுருவம் ஒன்றை ஒளித்துவைத்தார் என்றும் ஒரு கதை நெடுங்காலம் வழங்கிற்று. உருகிய உலோகம் எதையும் நினைவில் வைக்காது என்பதை மக்கள் அறிந்திருந்தமையால்தான் இப்படியொரு கதை பிறந்தது போலும்.

இலண்டனிலும் இதே வழக்கம் இருந்தது. டிரஃபால்கர் சதுக்கத்தில் நெல்சன் தூணின் அடியிலுள்ள வெண்கலப் புடைப்புச் சிற்பங்கள் கைப்பற்றிய பிரெஞ்சுப் பீரங்கிகளிலிருந்து வார்க்கப்பட்டவை. ஹைட் பூங்காவில் வெலிங்டன் பிரபுவின் பெயரால் 1822இல் நிறுவப்பட்ட அக்கிலீசு சிலையும் பீரங்கி வெண்கலமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எஃகுப் பீரங்கிகள் பரவியபோது வெண்கலப் பீரங்கி முற்றிலும் வழக்கொழிந்தது.

இந்த வழியின் இயல்பு யாது? அது பழைய கருவியை அழித்தே புதிய முகத்தைத் தருகிறது. நெல்சன் தூணடியில் நிற்பவருக்கு யாரேனும் சொன்னாலன்றி அங்கே பீரங்கி தெரியாது.

உருமாறாத வழி

இந்தியாவில் இரண்டாம் வழியின் பெரும் முன்னோடி நேக் சந்த் (1924–2015). சண்டிகரில் சாலை ஆய்வாளராகப் பணியாற்றிய இவர், 1957இல் தொடங்கிப் பல ஆண்டுகள் எவரும் அறியாமல் உடைந்த வளையல், பீங்கான், மின்பொருத்திகள் முதலியவற்றால் மனித உருவங்களைச் செய்து குவித்தார். 1976இல் அது பாறைத் தோட்டமாக மக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆயினும் அவை பொது உருவங்கள். இன்னார் முகம் என்று சுட்ட இயலாதவை.

முகத்தையே பொருளாகக் கொண்டவர் இலண்டன் ஓவியர் நிக் ஜென்ட்ரி. நெகிழ்வட்டுகளை, அதாவது நாம் ஃப்ளாப்பி என்று வழங்கியவற்றை, வரிசையாக ஒட்டி அவற்றின் மீது முகம் தீட்டுகிறார். வட்டின் நடுவிலுள்ள உலோக வட்டம் கண்ணாகிவிடுகிறது. வட்டுகளைப் பலரும் அவருக்கு அனுப்பிவைக்கின்றனர். அவர்கள் கைப்பட எழுதிய பெயர்ச்சீட்டுகள் கன்னத்திலும் நெற்றியிலும் அப்படியே தெரிகின்றன. அமெரிக்கக் கலைஞர் எரிகா ஐரிஸ் சிம்மன்ஸ் ஒலிநாடாவைக் கேசட்டிலிருந்து உருவி, அந்த இழையாலேயே இசைக்கலைஞர்களின் முகங்களை வரைகிறார். ஜிமி ஹென்ட்ரிக்சின் சுருள்முடி நாடாவின் சுருளாகவே அமைந்திருப்பது கண்டு மகிழத்தக்கது.

இங்கே கருவி அழியவில்லை. தன்னை அடையாளம் காட்டிக்கொண்டே முகமாகிறது. முதல் வழியைவிட இது நேர்மையானது என்றே சொல்லத் தோன்றுகிறது. ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. பீரங்கிக்குள் படிப்பதற்கு ஒன்றுமில்லை; நெகிழ்வட்டுக்குள் உண்டு. வண்ணத்தின் கீழ் ஒட்டப்பட்ட வட்டினுள் இருப்பதை இனி எவர் படிப்பார்?

நம் பரண்

3.5 அங்குல நெகிழ்வட்டு ஒன்றில் 1.44 மெகாபைட்டு அடங்கும். சோனி நிறுவனம் 2011 மார்ச்சில் ஜப்பானில் அதன் விற்பனையை நிறுத்தியது. அதனைக் கோரிய விதிகளை அந்நாட்டு அரசு நீக்கி முடித்தது 2024இல்தான். தமிழில் இச்சிக்கல் இரட்டிப்பானது. 1990களில் ஒவ்வொரு எழுத்துருவுக்கும் ஒவ்வொரு குறியீட்டு முறை இருந்தது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டில் டாம், டாப் முறைகளும் தமிழ்99 விசைப்பலகையும் ஏற்கப்பட்டன. திஸ்கி தனியே வழங்கிற்று. 2010இல் தமிழக அரசு யூனிகோடை ஏற்றது. ஆக, பழைய நெகிழ்வட்டைப் படிக்கும் பொறி கிடைத்தாலும், பொருந்தும் எழுத்துரு கிடைக்காவிடில் திரையில் எழுவது பொருளற்ற குறிகளே. அக்காலத்து ஆய்வேடுகள், சிற்றிதழ்ப் பக்கங்கள், பதிப்புக்கென உள்ளிட்ட ஏட்டுப்பிரதிகள் எத்தனையோ அவ்வட்டுகளில் உறங்குகின்றன. நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டையும் கணியான் கூத்தையும் ஒலிநாடாவில் பதிந்து வைத்தவர்களும் உண்டு. காந்தப்பூச்சு சில பத்தாண்டுகளில் உதிரத் தொடங்கும் என்பதையும் இங்கே கருதவேண்டும்.

கரிவலம்வந்தநல்லூர்க் கோயிலில் சுவடி தேடிச் சென்ற உ.வே. சாமிநாதையருக்கு என்ன விடை கிடைத்தது என்பதை நண்பர்கள் அறிவர். பழுதுபட்ட ஏடுகளை நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இட்டுவிட்டதாகச் சொன்னார்கள். ஆகமத்தில் அப்படியே விதித்திருக்கிறதாம். இட்டவர்கள் பகைமையால் இடவில்லை, மதிப்பு என்று கருதியே இட்டார்கள். பழங்கருவிகளைக் கலையாக்குவதும் மதிப்பின் பாற்பட்டதுதான். ஆயினும் படிக்காத ஏட்டுக்கு நெய்யும் வண்ணமும் ஒன்றே.

இதனால் அக்கலையை மறுக்கிறோம் என்பதில்லை. 2022இல் உலகில் சேர்ந்த மின்னணுக் கழிவு 62 மில்லியன் டன். அதில் முறையாகத் திரட்டி மறுசுழற்சிக்கு உட்பட்டது 22.3 விழுக்காடுதான். இந்தியாவில் இதற்கெனத் தனி விதிகள் 2011இல் அறிவிக்கப்பட்டு 2012இல் நடைமுறைக்கு வந்தன. இத்தனை பெரிய குவியலை ஓவியங்கள் குறைத்துவிடா. ஆனால் அது நம் கைப்பொருளாக இருந்தது என்பதை முகத்துக்கு நேரே காட்ட அவற்றால் முடியும்.

வேண்டுவது வரிசை ஒன்றே. முதலில் வட்டைப் படித்து யூனிகோடுக்கு மாற்றவேண்டும்; நாடாவைக் கேட்டுப் படியெடுக்கவேண்டும். அதன் பிறகு அவற்றைக் கலைஞரிடம் கொடுக்கலாம். கல்லூரித் தமிழ்த்துறைகளும் நூலகங்களும் இப்பணியைத் தம் மாணவர்க்குரிய பயிற்சியாகவே வைத்துக்கொள்ளலாம். நண்பர்கள் தம் பரணில் ஒரு பெட்டி நெகிழ்வட்டோ கேசட்டோ இருந்தால், அதனைப் பழைய இரும்புக் கடைக்கோ ஓவியருக்கோ அனுப்புமுன் அதன் மேலுள்ள சீட்டையாவது ஒருமுறை படித்துப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.