பட்டப்படிப்பும் வேலைப் பயிற்சியும்: ஒரு வரலாற்றுப் பார்வை

கல்லூரி முடித்து வருபவர்கள் வேலைக்கு ஆயத்தமாக இல்லை என்ற குறை இன்று பரவலாகக் கேட்கிறது. இதன் வேரைத் தேடினால் 1844ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும். ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு அரசுப் பணியில் முன்னுரிமை என்று தலைமை ஆளுநர் ஹார்டிஞ்ச் பிரபு அப்போது அறிவித்தார். 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் லண்டன் பல்கலைக்கழகத்தின் முறையில் நிறுவப்பட்டன. தொடக்கத்தில் அவை தேர்வு நடத்திப் பட்டம் வழங்கும் அமைப்புகளே.

சென்னையின் முதல் பி.ஏ. பட்டதாரிகள் இருவரும் யாழ்ப்பாணத்தவர்: சி. வை. தாமோதரம்பிள்ளை, கரோல் விசுவநாதபிள்ளை. தாமோதரம்பிள்ளை ஆசிரியராகவும், அரசின் கணக்குத் துறையிலும், பின்னர் பி.எல். முடித்துப் புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் பணியாற்றினார். இன்று நாம் அவரை நினைப்பதோ 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தவர் என்று. ஏடு பார்த்துப் பதிப்பிக்கும் அந்த வேலையை எந்தத் தேர்வும் அவருக்குக் கற்பிக்கவில்லை.

இதற்கு நேர்மாறான வழியும் சென்னையில் முன்பே இருந்தது. 1794இல் மைக்கேல் டாப்பிங் முயற்சியால் தொடங்கிய நில அளவைப் பள்ளியில் கம்பெனியின் அளவைப் பணிக்கென்றே மாணவர்களைப் பழக்கினார்கள். அப்பள்ளியே வளர்ந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியானது. மருத்துவம் படித்தவர் மருத்துவமனையில் பயிற்சி பெற்றார். எங்களைப் போன்றோர் பி.எட். படிக்கும்போது பள்ளிக்குப் போய் வகுப்பெடுத்தாக வேண்டும். பின்வரிசையில் வழிகாட்டி ஆசிரியர் குறிப்பேட்டுடன் அமர்ந்திருப்பார். பி.ஏ., பி.எஸ்சி. படித்தவருக்குத்தான் இப்படி ஓர் ஏற்பாடு இல்லை.

விடுதலைக்குப் பின்னும் இந்த வேறுபாடு நீடித்தது. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம் முதலில் தொழிற்பிரிவுகளுக்கானது. 1973ஆம் ஆண்டுத் திருத்தம் பொறியியல் பட்டதாரிகளையும் டிப்ளமோ படித்தவர்களையும் சேர்த்தது. ஓராண்டு தொழிற்சாலையிலோ அலுவலகத்திலோ உதவித்தொகையுடன் வேலை பழகலாம். அத்தொகையில் ஒரு பங்கை மத்திய அரசு தரும். தென்மாநிலங்களுக்கான பயிற்சி வாரியம் சென்னைத் தரமணியில் இருக்கிறது. கலை, அறிவியல் பட்டதாரிகளுக்கு இந்தக் கதவு 2014ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் திறந்தது. இடைப்பட்ட 41 ஆண்டுகளில் அவர்களில் எத்தனையோ பேர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்றாண்டுக்கொரு முறை பதிவைப் புதுப்பித்துக் காத்திருந்தார்கள். வரலாறோ பொருளாதாரமோ படித்த பிள்ளைக்கு அலுவலக வேலை பழக ஓராண்டு தேவையில்லை என்று யார், எதை வைத்து முடிவு செய்தார்களோ!

தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1 அன்று தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டம் இந்தப் பிரிவினையைப் பெரிதும் கைவிட்டது. பொறியியல் கல்லூரிகளோடு கலை, அறிவியல் கல்லூரிகளிலும் திறன் பயிற்சி பாடத்திட்டத்துக்குள் வந்தது. வகுப்பறைப் பயிற்சி ஓராண்டுப் பழகுநர் வேலைக்கு ஈடாகாது என்பது உண்மைதான். ஆனாலும் பி.ஏ. வரலாறு படிக்கும் மாணவிக்கும் அது பாடவேளையிலேயே கிடைக்கிறது.