போனஸ் படை (1932)

முதல் உலகப் போரில் பணியாற்றிய அமெரிக்க வீரர்களுக்கு 1924ஆம் ஆண்டுச் சட்டம் ஊக்கத்தொகைப் பத்திரம் வழங்கியது. முழுத்தொகை கிடைப்பதோ 1945இல். பெருமந்தத்தில் வேலையிழந்தவர்களால் அதுவரை காத்திருக்க முடியவில்லை. 1932 கோடையில் ‘போனஸ் படை’ எனப்பட்ட ஏறத்தாழ 20,000 பேர், பலர் குடும்பத்தோடு, ஊக்கத்தொகையை உடனே கேட்டு வாஷிங்டனில் திரண்டனர். அனகோஸ்டியா ஆற்றங்கரையில் தகரத்தாலும் பழம்பலகையாலும் குடிசை போட்டார்கள். இராணுவம் நிறவாரியாகப் பிரிந்திருந்த காலத்தில் அங்கே கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்தே வாழ்ந்தது தனித்துச் சொல்லத்தக்கது.

உடனே பணம் தரும் மசோதாவை ஜூன் 17இல் செனட் நிராகரித்தது. ஜூலை 28இல் வீரர்களை அகற்ற முயன்றபோது காவலர் சுட்டதில் இரு வீரர்கள் மாண்டனர். அன்றே அதிபர் ஹூவர் இராணுவத்தை அழைத்தார். தளபதி மெக்ஆர்தர் தலைமையில் குதிரைப்படையும் டாங்கிகளும் வந்தன. கண்ணீர்ப்புகை வீசப்பட்டது, குடிசைகள் எரிந்தன. நாட்டுக்காகப் போரிட்டவர்கள் மீதே படையை ஏவியது மன்னிக்க முடியாத கொடுமை. 1936இல், அடுத்த அதிபர் ரூஸ்வெல்ட்டின் மறுப்பாணையையும் மீறி, பணம் வழங்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியது.