மாளிகைச் சுவரும் நம் சுவரும்

தரையில் விரித்த துணி. வீட்டுக்குப் பூசும் எனாமல் வண்ணம். அதைச் சொட்டவிட ஒரு குச்சி! 1950-இல், நியூயார்க்கை அடுத்த லாங் தீவில், பழைய களஞ்சியமொன்றில் ஜாக்சன் பொல்லாக் கைக்கொண்ட கருவிகள் இவையே. பிறந்தது ‘இலையுதிர்கால இசைவு’. ஏறத்தாழ 17 அடி அகல ஓவியம். உருவம் காட்டாது, வண்ணத்தின் வேகத்தாலேயே உணர்ச்சியை உரைக்கும் அருவ வெளிப்பாட்டு ஓவியம்.

எளிய பொருளில் பிறந்த அக்கலை எங்கே போயிற்று? ஏல மன்றத்துக்கு! 2012-இல், மார்க் ரோத்கோ தீட்டிய ஓவியமொன்று ஏறத்தாழ 8 கோடியே 69 இலட்சம் டாலருக்கு விலைபோயிற்று. அந்த ரோத்கோ யார்? 1958-இல் நியூயார்க்கில் செல்வச் சீமான்கள் உண்ணும் விடுதிக்கு ஓவியம் தீட்ட ஒப்பியவர். அங்கே ஒருநாள் உண்டு பார்த்து மனம் கசந்து, பெற்ற பணத்தைத் திருப்பித் தந்தவர்! அவ்வோவியங்களுள் ஒன்பது, 1970-இல் இலண்டன் டேட் கூடத்தை அடைந்தன. சீமானுக்கென்று தீட்டியதைச் சாமானியன் கண்டான்.

இலண்டன் செல்ல இயலாதவன் என் செய்வான்? சட்டமிட்ட அச்சுப்படம் வாங்குகிறான். ‘போலி’ என்று எள்ளுவோர் உளர். மூலமென்று பொய் சொன்னால்தான் போலி. படியென்று சொல்லி வந்தால் அது தூது!

ஆயினும் ஒன்றை மறவோம். 17 அடி 2 அடியாய்ச் சுருங்கும்; திரண்ட வண்ணத்தின் மேடும் பள்ளமும் வழவழப்பான தாளில் மறையும். அக்குறையை அறிந்தே வாங்குவோம். நாற்காலியின் நிறத்துக்குப் பொருந்துமா என்று கேளாமல், நம் நெஞ்சில் என்ன எழுகிறதென்று கேட்போம்.

விலையை வணங்குவதும் மூடநம்பிக்கையே, தோழர்களே!