கந்தையில் மலரும் கலை: வங்கத்தின் காந்தா போர்வைகள்

புது தில்லி லக்ஷ்மிபாய் நகருக்கு அருகே, ஐ.என்.ஏ. சந்தைக்கு எதிரே அமைந்துள்ளது தில்லி ஹாட். 1994-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட இந்தக் கைவினைச் சந்தையில், பல மாநிலக் கைவினைஞர்களுக்குச் சுழற்சி முறையில் கடைகள் ஒதுக்கப்படுகின்றன. மேற்கு வங்கத்தினர் கடை விரிக்கும் நாட்களில் இங்கு காணக் கிடைப்பது 'காந்தா' எனப்படும் பூத்தையல் வேலைப்பாடு.

காந்தா என்பது கந்தல் துணியைக் குறிக்கும் வடமொழிச் சொல்லிலிருந்து வந்த பெயர். தமிழில் வழங்கும் 'கந்தை'யும் அதே வழி வந்ததுதான். பெயருக்கு ஏற்ப, பாரம்பரிய காந்தா போர்வையின் மூலப்பொருள் உடுத்தி நைந்த பருத்திப் புடவைகளும் வேட்டிகளுமே. தில்லிக் குளிருக்குப் பயன்படும் ரஜாயைப் போல இதனுள் பஞ்சு அடைக்கப்படுவதில்லை.

பழந்துணிகளைத் தரையில் ஒன்றன் மேல் ஒன்றாக விரித்து, முதலில் ஓரங்களைத் தைக்கின்றனர். அடுக்குகள் நகராதவாறு நீண்ட தையல்களால் பிணைத்த பின்னரே உருவங்கள் தொடங்குகின்றன. முற்காலத்தில் வண்ண நூலும் கடையில் வாங்கப்படவில்லை; புடவைக் கரையிலிருந்து உருவி எடுக்கப்பட்டது. நடுவில் தாமரை, மூலைகளில் மாங்காய் வடிவம் அல்லது மரம், இடையே யானை, மீன், தேர், பல்லக்கு என அவரவர் கண்டதும் கேட்டதும் துணியில் ஏறும். எஞ்சும் வெற்றிடத்தையும் ஓட்டுத் தையலால் நெருக்கமாக நிரப்பும்போது துணி சிற்றலைகளாகச் சுருங்குகிறது. காந்தாவை அடையாளம் காட்டுவது பூக்களைவிட இந்தச் சுருக்கமே எனலாம்.

இவை விற்பனைக்காகத் தைக்கப்பட்டவை அல்ல. குழந்தைக்கும், மணமக்களுக்கும், விருந்தினருக்குமாக வீட்டுப் பெண்கள் உருவாக்கியவை. பெரும்பாலானவற்றில் தைத்தவர் பெயர் இல்லை. விதிவிலக்காக, மானதாசுந்தரி என்ற பெண் தம் தந்தைக்காகத் தைத்த 19-ஆம் நூற்றாண்டு காந்தா ஒன்று, கொல்கத்தாவை அடுத்த ஜோகாவில் உள்ள குருசதய் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. அதில் ஆங்கிலேயப் படைவீரர்களின் உருவங்களோடு தம் பெயரையும் அவர் வங்க எழுத்தில் ஊசியால் பொறித்துள்ளார்.

கலை வரலாற்று அறிஞர் ஸ்டெல்லா கிராம்ரிஷ் திரட்டிய காந்தாக்கள் அமெரிக்காவின் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் உள்ளன. வங்கக் கவிஞர் ஜசீமுதீன் 1929-இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்ற நெடுங்கவிதை இக்கலைக்கு இலக்கியப் புகழ் தேடித் தந்தது. மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தா புவிசார் குறியீடும் பெற்றுள்ளது.

பீகாரில் இதன் உறவுக்கலை 'சுஜனி'. முசாபர்பூர் மாவட்டம் பூசுரா கிராமத்தில், வழக்கொழிந்து வந்த இத்தையல் 1980-களின் இறுதியில் மீட்டெடுக்கப்பட்டது. அங்குள்ள பெண்கள் வரதட்சணை, பெண் கல்வி போன்றவற்றையும் துணியில் கதையாகத் தைக்கின்றனர். அக்கிராமத்தின் நிர்மலா தேவிக்கு 2025-ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

இன்று சந்தைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை புதுத் துணியில் கூலிக்குத் தைக்கப்படுபவை. நெருக்கமான வேலைப்பாட்டுக்கு மாதக்கணக்கில் உழைப்பு தேவைப்படும் நிலையில், இயந்திரத் தையலும் தையல் போலவே அச்சிட்ட துணியும் குறைந்த விலையில் போட்டியிடுகின்றன. வாங்குவோர் துணியைத் திருப்பிப் பார்ப்பது நல்லது. கைத்தையலில் இழைகளின் நீளம் சற்றே கூடியும் குறைந்தும் இருக்கும். அச்சிட்ட துணியின் பின்புறத்தில் தையலே இருக்காது.