மயிற்பீலி ஏறிய தூண்டில்

இரணைமடு வாய்க்காலில் தூண்டில் போடுகிறவர்கள் முள்ளில் மண்புழுவைக் கோர்ப்பார்கள், இல்லையென்றால் கோதுமை மாவைப் பிசைந்து உருட்டி வைப்பார்கள். இங்கிலாந்தின் வில்ட்சயரில் ஏவன் ஆற்றுக்குக் காவலராயிருந்த பிராங்க் சோயர் (1906–1980) கட்டிய தூண்டிலில் தின்ன ஒன்றுமே கிடையாது. ஃபெசன்ட் சேவலின் வாலிறகில் நாலைந்து இழை, மயிர் போன்ற செப்புக் கம்பி, ஒரு முள்.

அவர் பார்த்துச் செய்தது மேஃப்ளைப் பூச்சியின் இளம்பருவத்தை. இறக்கை முளைத்த மேஃப்ளை ஒரு நாளோ இரண்டு நாளோதான் இருக்கும். அதற்கு வாய்கூட வேலை செய்யாது. அதற்கு முந்திய மாதங்களெல்லாம் தண்ணீருக்கடியில் கல்லிலும் பாசியிலும் கழிகின்றன. ட்ரவுட் மீனுக்கு அன்றாடச் சாப்பாடு அந்த இளம்பருவப் பூச்சிதான்.

சோயர் நூல் பாவிக்கவில்லை. கம்பியே நூல், கம்பியே பாரம். முதலில் முள்ளில் கம்பியைச் சுற்றி நெஞ்சுப் பக்கத்தை மேடாக்குவார். இழைகளின் நுனி வாலாகப் பின்னால் நீட்டி நிற்கும். மிச்சத்தைக் கம்பியோடு முறுக்கி முன்னே சுற்றி வருவார். பிறகு நெஞ்சின் மேல் இழையை முன்னும் பின்னுமாக மடித்துக் கட்டினால், விரியக் காத்திருக்கும் இறக்கையின் புடைப்பு வந்துவிடும். கால்கள் வைக்கவில்லை. நீந்தும்போது அந்தப் பூச்சி கால்களை உடம்போடு ஒடுக்கிக்கொள்ளும் என்பதை அவர் கவனித்திருந்தார். காலை விட்டதில்தான் அவருடைய கெட்டித்தனம் முழுவதும் இருக்கிறது என்பேன். 1958இல் வந்த அவருடைய புத்தகத்தோடு இந்தக் கட்டு பல நாட்டு ஆறுகளுக்கும் போனது.

அமெரிக்காவின் மொன்டானாவில் அல் ட்ரோத் என்பவர் இந்தக் கட்டின் நெஞ்சில் மயிற்பீலி இழையைச் சுற்றினார். பச்சையும் செம்பும் கலந்து மினுங்கும் அந்த இழை, இந்தியாவையும் இலங்கையையும் பிறப்பிடமாகக் கொண்ட பறவையினுடையது. எங்கள் பரந்தன் வயல்களில் நெல்லுக்கு இறங்கி விவசாயியிடம் ஏச்சு வாங்குவதும் அதே மயில்தான்.

இலங்கைக்கு ட்ரவுட் முட்டைகள் 1882இல் வந்தன. மலைநாட்டின் குளிர்ந்த ஓடைகளில், நுவரெலியாப் பக்கம், வெள்ளைக்காரர் தங்கள் பொழுதுபோக்குக்காக அந்த மீனை வளர்த்தார்கள். இன்று பயணம் எதிர்த்திசையிலும் நடக்கிறது. கென்யா, தாய்லாந்து போலவே இலங்கைப் பட்டறைகளிலும் இத்தகைய செயற்கைப் பூச்சிகளைக் கட்டி வெளிநாட்டுக் கடைகளுக்கு அனுப்புகிறார்கள். ஒவ்வொன்றையும் கையால்தான் கட்டவேண்டும். சோயரின் பெயரை மீன்பிடிக்காரர் எல்லாரும் சொல்வார்கள். கட்டிய கையின் பெயரை யாரும் கேட்பதில்லை. எனக்கு இது பெரிய அநியாயமாகப் படுகிறது.

பரந்தனின் வெக்கைக்கு ட்ரவுட் வாழாது. ஆனால் இங்குள்ள திலாப்பியாவும் வந்த மீன்தான். ஆபிரிக்காவைச் சேர்ந்த அது இலங்கைக்கு வந்தது 1952இல். பாசியோடு பூச்சிப் புழுக்களையும் தின்னும். சோயரின் கட்டை அதற்கும் போடலாம். 14ஆம் இலக்க முள் போதும். மீனுக்கு முன்னால் விட்டு, அடிவரை தாழவிட்டு, தூண்டில் கம்பின் நுனியை மெல்ல உயர்த்த வேண்டும். பூச்சி மேலே நீந்தப் புறப்பட்டதுபோல் தெரியும். மீன் பெரும்பாலும் கவ்வுவது அந்த நேரத்தில்தான்.